பூட்டன் பிறந்த ஊர் எது?

பாட்டனின் பெயரை எவரும் சொல்வர். பாட்டனைப் பெற்றவரின் பெயரைக் கேட்டாற் சற்றுத் தயங்கிச் சொல்வர். பூட்டியின் பெயரைக் கேட்டாலோ பல வீடுகளில் மறுமொழி கிடையாது. “ஆச்சியின் ஆச்சி” என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஒருவருக்குப் பூட்டன், பூட்டி என்ற முறையில் எண்மர் உளர். அவ்வெண்மரின் பெயரையும் ஊரையும் வழுவின்றிச் சொல்ல வல்லவர் நம்மில் எத்தனை பேர்?

இது பொழுதுபோக்குக்காகக் கேட்கும் கேள்வியன்று. கனடாவிலும் இலண்டனிலும் வளரும் நம் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற் குடும்ப மரம் வரைவதற்காக இரவில் தொலைபேசியில் அழைத்துக் கேட்கின்றனர். அவர்களிற் சிலர் ஒருபடி மேலே சென்று, சிறு குழாயொன்றில் உமிழ்நீரை இட்டு அஞ்சலில் அனுப்பி, மரபணுச் சோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருள் கேட்கின்றனர். பொருள் சொல்ல வல்ல முதியோரோ ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். ஆகவே, கைக்கெட்டும் சான்றுகள் எவை, அவற்றை எவ்வாறு வாசிப்பது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் நிழற்படம். அலுமாரியின் அடித்தட்டிலோ தகரப் பெட்டியிலோ கிடக்கும் படங்களை எடுத்தவுடன் முகத்தைப் பாராது முதுகைப் பார்த்தல் வேண்டும். படமெடுத்த நிலையத்தின் பெயரும் ஊரும் பெரும்பாலும் அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். கோலாலம்பூர், தைப்பிங், ஈப்போ என்று இருக்குமானால், மலாயாவில் றெயில்வேயிலோ வேறு அரசாங்கக் கந்தோரிலோ உத்தியோகம் பார்த்த ஒருவர் ஊருக்கு அனுப்பிய படம் அது எனக் கொள்ளலாம். அட்டையின் அளவும் காலத்தைக் காட்டும். 1854ஆம் ஆண்டிற் பாரிசு நகரத்தில் டிஸ்டெரி என்பவர் உரிமை பெற்ற சிறிய அட்டைப் படம் ஏறத்தாழ நாலங்குல உயரமுடையது. 1860ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் வழக்கத்துக்கு வந்த ‘கபினெற்’ அட்டையோ ஆறரை அங்குல உயரமுடையது. முட்டை வெண்கருவைப் பூசிய தாளில் அச்சிட்ட பழைய படங்கள் மஞ்சளோடிய கபில நிறங் கொண்டிருக்கும். அஞ்சலட்டைத் தாளில் அச்சிட்டவை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை.

உடையையும் நகையையும் பார்க்கலாம். தலைப்பாகையும் கோட்டும் வேட்டியும் சால்வையும் அணிந்தவர், காதிற் கடுக்கன் இட்டவர், புடைத்த கையும் பின்னற் கழுத்தும் வைத்த இரவிக்கை அணிந்த மாது என ஒவ்வொன்றும் ஒரு காலத்தைச் சுட்டும். ஆனால் இங்கே எச்சரிக்கை வேண்டும். நாற்காலி, பூச்சாடி, திரைச்சீலையில் எழுதிய மாளிகை ஆகியவையெல்லாம் படப்பிடிப்பு நிலையத்தின் உடைமை. சிலவேளைகளிற் கோட்டும் அவ்வாறே. கையிலே தடித்த புத்தகம் ஒன்று இருப்பதைக் கண்டு, “எங்கள் பூட்டனார் பெரும் படிப்பாளி” என்று பேசுவோருளர். அப்புத்தகம் அடுத்த வீட்டுக்காரரின் படத்திலும் இருக்கக் காணலாம்.

யாழ்ப்பாணத்து வீடுகளிலே செத்தவீட்டுப் படம் என்று ஒன்றுண்டு. பிரேதத்தை நடுவே கிடத்தி, சுற்றத்தார் சூழ நின்று எடுத்த படம் அது. இக்காலத்துப் பிள்ளைகள் அதைக் கண்டு அஞ்சுகின்றனர். சில வீடுகளில் அபசகுனம் என்று எரித்தும் விட்டனர். குடிவழி தேடுவோனுக்கு அதனினும் சிறந்த படம் வேறில்லை. மணவீட்டுப் படத்தில் நண்பரும் அயலவரும் மேலதிகாரியும் கலந்து நிற்பர். செத்தவீட்டுப் படத்திலோ உரிமையுடையோர் அருகே நிற்பர். கொள்ளி வைத்த மகனைக் கோலத்தாலேயே கண்டுகொள்ளலாம். இறந்தவரின் இறப்புப் பதிவிலிருந்து படத்தின் நாளும் தெரிந்துவிடும். இத்தகைய படத்தை வைத்திருக்கும் குடும்பத்தினர் உள்ள மூத்தவரை அருகிருத்தி, நிற்பவரை இடமிருந்து வலமாக எண்ணிட்டு, பெயர்களை வேறொரு தாளில் எழுதி வைத்தல் நன்று. படத்தின் மேலே மைப்பேனாவால் எழுதலாகாது, ஒட்டுநாடாவும் ஆகாது.

படத்திலிருந்து பெயருக்கு வருவோம். இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. மேல்நாட்டார்க்குள்ளது போன்ற மாறாத குடும்பப் பெயர் நமக்கில்லை. தந்தையின் பெயர் மகனின் பெயருக்கு முன்னே நிற்கும். அடுத்த தலைமுறையில் அது கழன்றுவிடும். அதனோடு பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் சேர்ந்துகொள்கின்றது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ அன்றோ? (யாழ்ப்பாணத்திற் பாட்டனையும் பேரன் என்றே அழைப்பர், பெயர் இருவருக்கும் பொதுவானமையால் முறைப்பெயரும் பொதுவாயிற்றுப் போலும்.) கந்தர் மகன் வேலர், வேலர் மகன் கந்தர், அந்தக் கந்தர் மகன் மீண்டும் வேலர் எனக் குடிவழி ஓடும்போது, ஓர் ஏட்டிற் காணப்படும் “கந்தர் வேலர்” பாட்டனா பேரனா என்பது ஆண்டைப் பார்த்தாலன்றித் தெரியாது.

கிறித்துவ மிசன் பாடசாலைகளிற் கற்றோரின் வழியில் வேறொரு மயக்கம் உண்டு. அமெரிக்க மிசனார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கி, 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவினர். மாணாக்கர் பலருக்கு அமெரிக்க நாட்டு அன்பர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. தமிழ்ப் பதிப்புலகின் முன்னோடியான சி. வை. தாமோதரம்பிள்ளையும் மிசன் பாடசாலையிற் கற்றவரே. அவரோடு 1857ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாகத் தேறிய விசுவநாதபிள்ளை கறல் என்ற பெயரைத் தாங்கியவர். ஆதலால் மிசன் ஏடொன்றில் ஆங்கிலப் பெயரைக் கண்டவுடன், “எமக்கு வெள்ளைக்காரரோடு உறவிருந்தது” என்று எவரும் மகிழவோ அஞ்சவோ வேண்டியதில்லை.

இத்தகைய மயக்கங்களைத் தீர்க்க வல்லது காணி உறுதி. பழைய பெட்டியிற் பூச்சி அரித்துக் கிடக்கும் உறுதியைக் காணியின் விலைக்காக மட்டும் பாதுகாப்போரே மிகுதி. உண்மையில் அது குடும்ப வரலாறு. உறுதியிலே காணியின் பெயரும், கோயிற்பற்றும், குறிச்சியும், பரப்பும் குழியும் சொல்லி, அக்காணி உரிமையாளருக்கு எவ்வழி வந்தது என்பதும் சொல்லப்படும். தாய் கொடுத்த சீதனமா, தந்தைவழி முதுசமா, தேடிய தேட்டமா என்பது அதில் இருக்கும். முந்திய உறுதியின் இலக்கமும் நாளும் அதனை எழுதிய நொத்தாரிசின் பெயரும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த இலக்கத்தைக் கொண்டு காணிப் பதிவகத்தில் முந்திய உறுதியைத் தேடலாம். அது அதற்கு முந்தியதைக் காட்டும். படியில் இறங்குவது போல ஒவ்வொரு தலைமுறையாகக் கீழே இறங்கலாம்.

அதனினும் சுவையானது எல்லை கூறும் பகுதி. கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாரின் காணி, மேற்கே இன்னாரின் மனைவி இன்னாளுக்கும் பங்காளிகளுக்கும் உரிய காணி என்று எழுதப்பட்டிருக்கும். ஒரு வளவு பிரிந்து பிரிந்து மக்களுக்குச் சென்றமையால், எல்லைக்காரர் பெரும்பாலும் உடன்பிறந்தாராகவோ அவர்தம் மக்களாகவோ இருப்பர். நான்கு எல்லைகளையும் தாளில் வரைந்து பெயர்களை இட்டுப் பார்த்தால், ஒரு பாட்டனின் பிள்ளைகள் அனைவரும் வேலிக்கு வேலி நிற்பதைக் காணலாம்.

பெண்வழியை இழந்துவிடுவதே நம் வம்சாவளிகளின் பெருங் குறை. தந்தை, பாட்டன், பூட்டன் என்று ஏறிச் செல்லும் பட்டியலிற் பெண்கள் இரார். சீதன உறுதியோ அதற்கு விலக்கு. ஒல்லாந்தர் ஆட்சியிற் கிளாஸ் ஈசாக்ஸ் என்பவர் தொகுக்க, 1707ஆம் ஆண்டிற் சட்டமாக்கப்பட்ட தேசவழமையிலே, தாயின் சீதனம் மகளிருக்குச் செல்லும் பழைய முறை எழுதப்பட்டிருக்கின்றது. அம்முறையால் ஒரே வளவு தாயிடமிருந்து மகளுக்கும், அவளிடமிருந்து அவள் மகளுக்கும் சென்றதுண்டு. பூட்டியின் பெயரை மறந்த வீட்டினர் சீதன உறுதியைத் தேடுக. மகளின் பெயரும் தாயின் பெயரும் மாப்பிள்ளையின் பெயரும் கொடுத்த நகைகளின் பெறுமதியும் அங்கே ஒருங்கே இருக்கும்.

மரண அறிவித்தலும் இவ்வகையில் அரியதொரு சான்று. “காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் சகோதரியும்” என்று பத்திரிகையிலும் வானொலியிலும் வரும் அந்த நீண்ட வாக்கியத்தைக் கேட்டு நகைப்போருளர். ஒரே வாக்கியத்தில் மூன்று தலைமுறையை அடக்கும் வித்தை வேறெங்கு உண்டு? முப்பத்தோராம் நாளில் வெளியிடும் ‘கல்வெட்டு’ என்னும் நினைவு மலரில் இது விரிந்து, வம்சாவளியாகவே அமைந்துவிடும். அம்மலர்களிற் பலவற்றை 2005ஆம் ஆண்டில் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் திரட்டி எவரும் வாசிக்குமாறு வைத்துள்ளது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அழிந்தவற்றையும், 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விற் கைவிட்டு வந்த பெட்டிகளையும் நினைப்போர்க்கு இம்முயற்சியின் அருமை விளங்கும்.

சாதகக் குறிப்பைப் பற்றியும் ஒரு சொல். ஓலையிலே “விகிர்தி வருடம்” என்று இருந்தால் அது 1890ஆ 1950ஆ? அறுபதாண்டு வட்டம் இந்த ஐயத்தைத் தோற்றுவிக்கும். கிரகநிலையைப் பார்த்தாற் தீரும் என்று எண்ணலாம்; ஆனால் அறுபதாண்டில் வியாழன் ஏறத்தாழ ஐந்து சுற்றும் சனி ஏறத்தாழ இரண்டு சுற்றும் முடித்துப் பழைய இடத்தை அணுகிவிடுவதால் அவ்விரண்டும் கைகொடா. இராகுவைப் பாருங்கள். அதன் சுற்று பதினெட்டரை ஆண்டுக்குச் சற்று மிகுந்ததாதலின், அறுபதாண்டுக்குப் பின் ஏறத்தாழ மூன்று இராசி விலகி நிற்கும். சோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவரும் இராகுவுக்கு இவ்வளவில் நன்றி சொல்லலாம்.

இவற்றுக்கெல்லாம் முந்தியது தோம்பு. போர்த்துக்கேயர் தொடங்கிய இவ்வழக்கத்தை 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் விரிவாக்கினர். நிலத்தோம்பிற் காணியும், தலைத்தோம்பிற் குடும்பத்தலைவன், மனைவி, மக்கள், அவர் ஆற்ற வேண்டிய ஊழியம் என்பனவும் எழுதப்பட்டன. பாடசாலைத் தோம்புகளிலே திருமுழுக்கும் மணமும் பதியப்பட்டன. எஞ்சிய ஒல்லாந்தர் கால ஏடுகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தபோது இலங்கையிலுள்ளவையும் அதில் அடங்கின. பழைய ஒல்லாந்த மொழியிலும் கையெழுத்திலும் அமைந்தமையால் துணையின்றி வாசித்தல் அரிது.

தோம்பைத் தேடுவோர் மனத்திண்மையோடு தேடுக. வரி வாங்குவதற்கும் ஊழியம் கொள்வதற்கும் எழுதிய ஏடு அது. சாதி அதிற் கூசாது எழுதப்பட்டது. அடிமைமுறை 1844ஆம் ஆண்டு வரை இந்நாட்டிற் சட்டப்படி இருந்தது. தேசவழமையிலேயே அடிமைகள் உடைமையாகப் பேசப்படுகின்றனர். எங்கள் முன்னோர் இன்ன பட்டம் பெற்றவர் என்று காட்ட ஏடு தேடுவோர், அதே குடும்பம் மனிதரைச் சொத்தாக வைத்திருந்ததையும் அங்கே வாசிக்க நேரலாம். அவ்வாறு உடைமையாக வைக்கப்பட்டோரின் வழிவந்தோர் தம் முன்னோரைத் தேடினால், பிறருடைய சொத்துப் பட்டியலிலேதான் கண்டுகொள்ள வேண்டியிருக்கும். வம்சப் பெருமை பேசும் மலர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. புரட்டுதல் வேண்டும் என்பது நம் கருத்து.

பூட்டன் பிறந்த ஊரைச் சொல்ல முடியாமையால் நாட்டையே இழந்தவர்களும் உளர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வழிவழிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும் என்று விதித்தது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1867ஆம் ஆண்டிலேதான் வந்தது. தோட்டத்து லயத்திற் பிறந்த குழந்தைக்கு அக்காலத்திற் பதிவுப் பத்திரம் எங்கிருந்து வரும்? நாட்டின் ஏனையோரும் பூட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் காட்ட வல்லவரல்லர். ஆனால் அவர்களிடம் எவரும் அதைக் கேட்கவில்லை. கேட்கப்பட்ட மலையகத்தவரோ காட்ட இயலாது நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையில் 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் கணக்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிப்பதற்கு விடப்பட்டது. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்கு வழி செய்த சட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறியது.

இன்று மலையகக் குடும்பங்களிற் பழமையைத் தேடும் இளைஞருக்குச் செக்ரோல் ஏடும், கங்காணியின் துண்டும், தோட்டத்தின் பெயரும் தொழிலாளியின் இலக்கமும் பொறித்துக் கழுத்திற் கட்டிய தகரச் சீட்டும், மண்டபம் முகாமின் பதிவுமே சான்றுகள். பாட்டியின் பழைய சுருக்குப்பையில் இலக்கம் பொறித்த தகடொன்று கிடந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். எந்த உறுதிக்கும் அது தாழ்ந்ததன்று.

இனி மரபணு. அது சொல்வது மிகுதியென்று நம்புவோரும் ஒன்றுமில்லை என்று ஒதுக்குவோரும் ஒருங்கே தவறுகின்றனர். வை நிறமூர்த்தம் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும். இழைமணியின் மரபணு தாயிடமிருந்து மக்களுக்குச் சென்று, மகளின் வழியாக மட்டும் தொடரும். முதுசமும் சீதனமும் போல என்று சொன்னால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். ஏனைய நிறமூர்த்தங்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் கலந்து பாதிபாதியாக வரும். உடன்பிறந்தார் இருவரின் பிள்ளைகள் எண்ணிலொரு பங்கை, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை அளவில், பகிர்ந்திருப்பர். உறவு தூரமாகத் தூரமாக இப்பங்கு விரைவிற் குறைந்து, ஐந்தாறு தலைமுறைக்கு முன்னே பிரிந்தவரிடையே சிலவேளை ஒன்றுமே எஞ்சாது போகும்.

நம்மிடையே இக்கணக்கு வேறுபடும். மாமன் மகளையும் மாமி மகனையும் மணப்பது உரிமையெனக் கொண்ட சமுதாயத்திலே இருவர் பல வழியால் உறவினராவர். எண்மர் என்ற பூட்டன் பூட்டிமார், மச்சாளை மணந்தவரின் பிள்ளைக்கு அறுவரே. ஆதலால் மேல்நாட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு நிறுவனம் ஒருவரைக் ‘கிட்டிய உறவினர்’ என்று சொல்லும்போது, அவர் உண்மையில் எட்ட உறவினராக, ஆனால் மூன்று நான்கு வழியால் உறவினராக இருக்கக்கூடும். நூற்றுக்கு இத்தனை பங்கு இன்ன தேசத்தவர் என்று வரும் பட்டியலோ, அந்நிறுவனம் ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் மாதிரிகளைப் பொறுத்தது; நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதைக் கொண்டு ஒருவரை ஒருவர் தாழ்த்திப் பேசுதல் அறியாமை.

ஏடும் மரபணுவும் எதிரெதிரே நின்ற கதையொன்று இங்கிலாந்தில் உண்டு. 1485ஆம் ஆண்டிற் போரில் மாண்ட மூன்றாம் ரிச்சர்ட் மன்னனின் எலும்புக்கூடு 2012ஆம் ஆண்டில் லெஸ்டர் நகரத்து வாகனத் தரிப்பிடமொன்றின் கீழே கிடைத்தது. அவனுடைய தமக்கையின் பெண்வழியில், பதினேழு தலைமுறைக்குப் பின் கனடாவிற் பிறந்த தச்சர் ஒருவரின் இழைமணி மரபணு அதனோடு பொருந்தியது. ஏடுகள் காட்டிய தாய்வழி உண்மையாயிற்று. தந்தைவழியில் உறவினரென ஏடுகள் காட்டிய பிரபு குடும்பத்து ஐவரின் வை நிறமூர்த்தமோ பொருந்தவில்லை. இடையே எங்கோ ஒரு தலைமுறையில் ஏட்டிலிருந்த தந்தை உண்மைத் தந்தை அல்லர் என்று 2014ஆம் ஆண்டில் அறிஞர் எழுதினர். அரச வம்சத்துக்கே இது நேர்ந்தது.

ஆகவே சோதனைக்கு உமிழ்நீர் அனுப்பும் முன், எதிர்பாராத விடை வந்தால் வீட்டில் எவர் புண்படுவர் என்று எண்ணிக்கொள்வது நன்று. உங்கள் மரபணு உங்களுடையது மட்டுமன்று; உடன்பிறந்தாரின் செய்தியும் அதில் அடங்கியிருக்கின்றது. ‘டுவென்டித்திறீ அன்ட் மீ’ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விபரங்கள் களவுபோயின. அந்நிறுவனம் 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது.

இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும், வேறு வழியற்ற ஒரு கூட்டத்தார் உளர். 1970ஆம், 1980ஆம் ஆண்டுகளில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்தாகக் கொடுக்கப்பட்டனர். அவர்களிற் பலரின் பிறப்புப் பத்திரங்கள் பொய்யானவை. தாயென்று கையொப்பமிட்ட பெண்ணே கூலிக்கு வந்தவளாக இருந்ததுமுண்டு. நெதர்லாந்து அரசு 2021ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்த குழுவின் அறிக்கைக்குப் பின் வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. அன்று கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகள் இன்று நாற்பது ஐம்பது வயதினர். அவர்களிடம் உறுதியில்லை, தோம்பில்லை, படமில்லை. இருக்கும் பத்திரமோ பொய். உடலிலுள்ள மரபணு ஒன்றே அவர்களுக்கு உண்மை ஏடு. அவர்கள் சோதித்துப் பதிந்துவிட்டுக் காத்திருக்கின்றனர். பொருத்தம் தெரிவதற்குத் தாயோ, தாயின் உடன்பிறந்தாரோ, அவர்தம் பிள்ளைகளோ இந்நாட்டில் ஓர் ஊரில் தம் உமிழ்நீரையும் கொடுத்தல் வேண்டும். அச்சோதனைக்குரிய செலவு ஒரு தோட்டத் தொழிலாளியின் பல நாட் சம்பளம். பெற்ற பிள்ளையைப் பற்றி நாற்பதாண்டு வாய்திறவாதிருந்த ஒரு முதியவளிடம் அதைக் கேட்பவர் யார், எவ்வாறு கேட்பது என்பதும் இன்னும் எஞ்சியே நிற்கின்றது.